முக்காற்புள்ளி

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.
புதன் எட்டு மணிக்குப் போகும் கரண்ட்
பத்தரைக்கு வரும்
என்பது அட்டவணை.

எதுக்கு உனக்கு இது, என்றாள் கோகிலவேணி
பெயின்ட் கலக்கும் மெஷினைத் துடைத்தபடி.
வேலை மாறப் போறியா? சம்பளம் கூடுமா?
ஒண்ணுமில்லை என்றேன்.
நாற்பத்தொன்பது வயதில்
ஒண்ணுமில்லாத ஒன்றைத் தொடங்க
வெட்கங்கெட்ட ஒரு தைரியம் வேண்டும்.
எங்கள் கடையில்
ஆணி உண்டு, கீல் உண்டு, அது இல்லை.

முதலில் புத்தகம்.
பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போய்
ஐம்பது ராண்டுக்கு அதைத் தூக்கி வந்தேன்.
ஆயிரத்து நூறு பக்கம்.
முன்பு வைத்திருந்த ஆர். படையாச்சி
முப்பத்திரண்டாம் பக்கம் வரை
பச்சை மையில் கோடு போட்டிருந்தார்.
அதற்கப்புறம் தாள் புதுசு.
நானும் முப்பத்திரண்டில்தான் நின்றேன்.
இப்போது அது
ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொள்கிறது.
குறை சொல்ல மாட்டேன்.

அடுத்து வீடியோ.
பல்வரிசை நல்ல ஒரு பையன்
ரொம்பச் சுலபம் என்றான் முதல் நிமிஷம்.
ரொம்பச் சுலபம் என்றான் நாலாம் நிமிஷம்.
அவன் சொல்லச் சொல்ல
நான் மக்காகிக்கொண்டே போனேன்.
பதினெட்டாம் நிமிஷம் டேட்டா தீர்ந்தது.
பாதி திறந்த வாயோடு உறைந்தவனை
அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு போனில் ஒரு ஆப்.
சரியான கட்டத்தைத் தொட்டால் நட்சத்திரம்.
ஒரு நாள் வராவிட்டால்
அழுகிற முகத்தோடு ஒரு முயல்.
அம்மாவின் திவசத்தன்றும் அழுதது முயல்.
நாற்பத்துமூன்று நாள், இருநூறு நட்சத்திரம்.
மறுநாள் வெற்றுத் திரையைத் திறந்து
தனியாக ஒரு வரி எழுதப் பார்த்தேன்.
கர்சர் இமைத்தது. நானும் இமைத்தேன்.
தொட்டுத் தேற அங்கே கட்டங்கள் இல்லை.

கடைசியில் நூலகத்துச் சுவரோரம்,
யாரும் திருப்பிக் கேட்காத தாள்களின் பெட்டியில்
முப்பத்தாறு பக்கம், ஜெராக்ஸ், துருவேறிய ஸ்டேப்ளர் முள்.
எழுதியவர் பெயர் இல்லை.
சுலபம் என்ற சொல்லும் இல்லை.
இதை அடி. ஓட்டிப் பார். எண்ணை மாற்றி மறுபடி ஓட்டு.
அவ்வளவுதான் ஒவ்வொரு பக்கமும்.

பதினோராம் பக்கம் ஓடவில்லை.
ஏழாம் வரியில் பிழை என்றது இயந்திரம்.
எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டேன்,
தாளில் இருப்பதே திரையிலும்.
கரண்ட் போனது.
லேப்டாப் வெளிச்சத்தில் தாளைப் பிடித்தேன்.
பேட்டரியும் போனது. மெழுகுவர்த்தி.
மறுநாள் கல்லாவில்
யாருக்கோ சில்லறை கூடுதலாய்க் கொடுத்தேன்.
மூன்றாம் இரவு
ஐந்தாம் பக்கத்தைப் பிய்த்து இதன் பக்கத்தில் வைத்தபோது
வரி முடிவில்
ஒன்றின் மேல் ஒன்றாய் இரண்டு பொட்டு.
அங்கே இருந்தது. இங்கே இல்லை.

தாள்தான் தப்பு.
நான் இல்லை.
சிரித்தேனா கத்தினேனா தெரியாது,
அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

பென்சிலால் அந்த முக்காற்புள்ளியை வைத்தேன்,
எனக்கப்புறம் எடுப்பவருக்காக.
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
அழித்தேன்,
அதே எடுப்பவருக்காக.

இப்போது நானே எழுதுகிறேன் ஒன்று.
பதினாலு வரி.
எண்ணைப் போட்டுவைக்கும் டப்பாவுக்கு
சனிக்கிழமை வகுப்பில் ஒட்டிக்கொண்ட தமிழில்
வெளிச்சம் என்று பேர் வைத்தேன்.
இயந்திரம் முகம் சுளிக்கவில்லை.
கிழமையும் மணியும் கொடுத்தால்
கரண்ட் இருக்குமா என்று சொல்லும்.
வியாழன், எட்டு ஐந்து.
இருக்கும், என்றது.

தெரு முழுக்க இருண்டது.
திரை மட்டும்
இருக்கும் என்று நின்றது.

பிழை நகராட்சியிலா, என் வரியிலா.
பேட்டரி நாற்பது சதவீதம்.
மேலிருந்து படிக்கத் தொடங்கினேன்.